சிலிண்டர் தேய்மானம் அளக்க ஒரு டயல் போர் கேஜ்: பத்மினி எஞ்சினில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

பழைய பிரீமியர் பத்மினி காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்காகச் சென்னைப் பாரிமுனையில் உள்ள ஒரு கருவிக் கடையில் வாங்கிய டயல் போர் கேஜைப் பற்றியது இந்த மதிப்பீடு. 50 முதல் 160 மி.மீ. வரை விட்டமுள்ள துளைகளை இது அளக்கும். டயலில் ஒரு கோடு என்பது 0.01 மி.மீ. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த வகைக் கருவியை நம்பி, ரீபோர் (தேய்ந்த சிலிண்டர் துளையைச் சீவிப் பெரிதாக்குதல்) செய்வதா வேண்டாமா, செய்தால் எந்த ஓவர்சைஸ் (பழைய அளவைவிட எத்தனை மி.மீ. பெரிய துளையும் பிஸ்டனும்) என்று முடிவெடுக்கலாமா என்பதுதான் கேள்வி. எடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் இந்தக் கருவி சொல்லாமல் விடும் இரண்டு செய்திகளை அறிந்துகொண்டே வாங்க வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியவுடன் மெக்கானிக் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டி நின்றால் போர், அதாவது சிலிண்டரின் துளை, தேய்ந்துவிட்டது என்று பொருள். இது சரியான சோதனைதான். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள, ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம்) எட்டாத மேல் பகுதி தேயாமல் பழைய அளவிலேயே இருப்பதால்தான் அந்தப் படி உருவாகிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் நகம் சொல்லாது. தேய்மானம் சிலிண்டர் முழுவதும் ஒரே சீராக நிகழ்வதும் இல்லை. பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழியாகிவிடுவதால் எண்ணெய்ப் படலம் அறுபடுகிறது. அதே நேரத்தில் எரிதலின் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. வெப்பமும் அங்கேதான் மிகுதி. ஆகவே முதல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் உச்சத்தில் இருக்கும், கீழே போகப் போகக் குறையும். மேலும் கனெக்டிங் ராட் சாய்ந்து நின்று தள்ளுவதால் பிஸ்டன் கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கான திசையில் சுவரை அழுத்துகிறது. வட்டமாக இருந்த துளை அந்தத் திசையில் நீள்வட்டமாகிறது. இதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்தையும் கிராங்கின் நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டியிருக்கிறது.

கருவியைப் பழகிக்கொள்வதற்குப் பொறுமை வேண்டும். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினில் போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75 மி.மீ. எனவே 50–75 மி.மீ. மைக்ரோமீட்டரை 68.00-இல் பூட்டி, அதன் இரு முகங்களுக்கிடையே கேஜை வைத்து முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்தேன். சுழி வைக்க மைக்ரோமீட்டர் போன்ற ஒன்று இல்லாமல் இந்தக் கருவி விட்டத்தைச் சொல்லாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வாங்க நினைப்பவர் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கேஜைச் சற்றுச் சாய்த்துத் துளைக்குள் இறக்கி, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் முள் ஒரு திசையில் போய்த் திரும்பும். அது திரும்பும் இடமே உண்மையான விட்டம். துளை சிறிதானால் முள் வலஞ்சுழியாகவும், பெரிதானால் இடஞ்சுழியாகவும் நகரும் என்பது முதலில் குழப்பும். தேய்ந்த சிலிண்டரில் முள் சுழியை எட்டாமல் அதற்கு முன்பே திரும்பிவிடும். எத்தனை கோடு குறைகிறதோ அத்தனை நூறில் ஒரு பங்கு மி.மீ. தேய்மானம்.

என் எஞ்சினில் மிக மோசமான சிலிண்டர் மேல் மட்டத்தில் குறுக்காக 68.19, நெடுக்காக 68.11, கீழ் மட்டத்தில் 68.03 மி.மீ. காட்டியது. மேலுக்கும் கீழுக்கும் 0.16 மி.மீ. சரிவு என்பது பார்வைக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் விட்டம் 0.16 விரிந்தால் ரிங்கின் வாய் இடைவெளி அதைப்போல் 3.14 மடங்கு, அதாவது அரை மி.மீ. விரிய வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ரிங் வினாடிக்கு 50 முறை அப்படி விரிந்து சுருங்கியாக வேண்டும். இந்த நிலையில் புது ரிங் மட்டும் போட்டு எஞ்சினை மூடினால் எண்ணெய்ப் புகை சில மாதங்களில் திரும்பிவிடும்; இன்னும் தேய்ந்து மழுங்காத புது ரிங்கின் விளிம்பு மேலே உள்ள படியில் மோதி உடையவும் கூடும்.

இனி, கருவி சொல்லாத செய்திகளுக்கு வருகிறேன். 0.19 தேய்மானத்துக்கு 0.25 ஓவர்சைஸ் போதுமே என்று தோன்றும். இந்தக் கேஜ் எதிரெதிர் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத்தான் அளக்கிறது. எந்தப் பக்கச் சுவர் எவ்வளவு தேய்ந்தது என்பது அதற்குத் தெரியாது. தேய்மானம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் 0.125 மட்டுமே சீவும் 0.25 ஓவர்சைஸில் பழைய தழும்பு அப்படியே மிஞ்சிவிடும். 0.50 எடுத்தால் பக்கத்துக்கு 0.25 கிடைக்கிறது, மொத்தத் தேய்மானமும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் சுத்தமாகிவிடும். இங்கேதான் நகம் மீண்டும் உதவுகிறது: படி எந்தப் பக்கம் ஆழமாகத் தட்டுகிறது என்பதைக் கேஜை விட விரல் நன்றாகச் சொல்கிறது.

இரண்டாவது, துரு. கடற்காற்றுள்ள இந்த ஊரில் நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டிகளிலும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி அப்படியே விடப்பட்ட வண்டிகளிலும் சிலிண்டர் சுவரில் துருப்பள்ளங்கள் இருக்கும். கேஜின் முனை அந்தப் பள்ளத்தின் மீதே நின்றாலொழிய அது அளவில் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

வெப்பநிலை குறித்தும் ஒரு சொல். வார்ப்பிரும்பில் 68 மி.மீ. துளை பத்து டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.0075 மி.மீ. விரியும். வெந்நீரில் கழுவி வந்த பிளாக்கை உடனே அளக்காமல், மைக்ரோமீட்டர், கேஜ், பிளாக் மூன்றையும் ஒரே இடத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு அளப்பது நல்லது. கழுவிய சுவரில் எண்ணெய் தடவி வைக்கவும் வேண்டும். இல்லையென்றால் விடிவதற்குள் துரு படரும்.

எஞ்சினை ஒரே ஒரு முறை மட்டும் பிரிக்கப் போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஒரு ரிங்கைச் சிலிண்டரின் மேல் மட்டத்திலும் கீழ் மட்டத்திலும் பிஸ்டனால் நேராகத் தள்ளி வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் சரிவு கிடைத்துவிடும். நீள்வட்டம் மட்டும் அதில் தெரியாது.

ரீபோர் வேலையை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். “பிஸ்டன் செட் கைக்கு வராம போர்ல கை வைக்கமாட்டேன் சார்” என்று பட்டறைக்காரர் சொன்னது எனக்கு மிகுந்த நிம்மதியைத் தந்தது. பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருந்தாலும், ஒவ்வொரு பிஸ்டனின் பாவாடைப் பகுதியையும் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவர்) கட்ஜன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) குறுக்காக அளந்து, அதற்குரிய இடைவெளியைச் சேர்த்தே துளையைச் சீவ வேண்டும். ஹோனிங் (சீவிய சுவரை உரைகல்லால் தேய்த்துச் சீராக்குதல்) முடிந்து வந்த பிளாக்கை நான் மீண்டும் அளந்தபோது, நான்கு சிலிண்டர்களும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோட்டுக்குள் நின்றன. பட்டறையின் கேஜ் காட்டியதற்கும் என்னுடையதற்கும் வேறுபாடு இல்லை.

கருவியின் தரத்தில் குறைகள் உண்டு. மாற்று முனைகளைப் பூட்டும் திருகு மறை சொரசொரப்பாக இருக்கிறது. டயல் சட்டத்தின் பூட்டு அழுத்தமாகப் பிடிக்கவில்லை, கை பட்டால் சுழி நகர்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்குப் பிறகும் மைக்ரோமீட்டரில் திரும்ப வைத்துச் சரிபார்த்தேன். பல மடங்கு விலையுள்ள ஜப்பானிய மிட்டுடோயோ நிறுவனத்தின் கேஜை நாள்தோறும் அளக்கும் பட்டறைகள் வாங்குவது நியாயம். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதுவே போதும். வாங்கும்போது கடையிலேயே ஒரு மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கி, கேஜை அதில் வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பாருங்கள். முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வந்து நிற்காவிட்டால் அடுத்த பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.