வாய்க்காலுக்கு மேற்கே உள்ள புதுச்சேரி

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் உறவினர்களில் பலர் புதுச்சேரியில் வெள்ளையர் தெருக்களோடு நின்றுவிடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடற்கரைச் சாலை; அவ்வளவுதான். இம்முறை நான் அம்மாவுடன் பெரிய வாய்க்காலைத் தாண்டி, அவர் வளர்ந்த தமிழர் பகுதியில் நடந்தேன்.

வைசியாள் வீதியில்தான் வெகுநேரம் நின்றோம். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் வரிசையாக வீட்டு முகப்புகளைப் புதுப்பித்த இத்தெருவுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. கீழ்த்தளம் தமிழ் முறை, மாடி பிரெஞ்சு முறை. திண்ணை, வீடு தேடி வருபவர்களுக்கு. அதற்கும் முன்னால் மரத்தூண் நட்டு இறக்கிய தாழ்வாரமோ, தெருவோடு போகிற எவருக்கும் உரியது. முன்பின் அறியாதவர் வெயிலுக்கு ஒதுங்கத் தம் செலவில் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

அந்தத் தாழ்வாரங்களில் இன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. கைத்தடியோடு வந்த அம்மா இரண்டு வீட்டுக்கு ஒருமுறை சாலையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. மாலை ஆறு மணியிலிருந்து கடற்கரைச் சாலையில் வண்டிகளே வராமல் தடுக்கத் தெரிந்த நகரம் இது. இந்த ஒரு தெருவை நடப்பவர்களுக்கு விட்டுவைக்க முடியாதா? கழிப்பறைக்கும் அலைந்தோம், கடைசியில் ஓர் உணவகத்தார் பெருமனதோடு இடம் கொடுத்தார்கள். ஆட்டோவில் மீட்டர் என்ற பேச்சே இல்லை, ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெண்ணை மனமாரப் பாராட்டுகிறேன். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும் இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை முன் நிறுத்தி, 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்த கதையைச் சொன்னார். அம்மா இடைமறித்துத் தம் இளமைக்காலத் தெருக்கதைகளைச் சொன்னபோது, அவசரப்படுத்தாமல் உட்கார்ந்து கேட்டு, குறித்தும் கொண்டார். அந்தப் பொறுமைக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். ஒன்பதுக்கு மேல் நிழல் குறைந்து வண்டிகள் பெருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தைக் கடைகள் பரவியிருக்கும். முதியவர்களோடு நடக்க வேறு நாளே நல்லது.