காலிலும் இடுப்பிலும் கட்டும் சென்சார்: ஆறு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன்

மூன்று சின்னப் பெட்டிகள், மூன்று பட்டைகள், 1,180 ரிங்கிட். ஜெர்மனிக்குப் படிக்கப் போன என் தங்கை மகன் அங்கே ஸ்கெலட்டன் பழக ஆரம்பித்துவிட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அதன் மேல் தாவிக் குப்புறப் படுத்து, தலை முன்னால் இருக்க, பனிக்கட்டித் தடத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலே இறங்கும் சறுக்குவண்டி விளையாட்டு அது. விடுமுறைக்குப் பட்டர்வொர்த் வந்தவன், "மாமா, தொடக்க ஓட்டத்தை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்றான். நான் இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 100 மீட்டர் ஓட்டம் பழக்குகிறவன். பினாங்கில் பனிக்கு எங்கே போவது? புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புச் சட்டம் அடித்து, நான்கு சக்கரம் மாட்டித் திடலில் தள்ளவிட்டு, அவன் ஓட்டத்தை அளக்க இந்தச் சென்சாரைக் கட்டினேன்.

காலில் கட்டும் இரண்டும் நொடிக்கு 200 முறை அளக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது கால் தரையில் தங்குவது ஏறக்குறைய 0.1 நொடிதான், அதற்குள் 20 புள்ளி கிடைக்கிறது. முன்பு நான் வைத்திருந்த மலிவுப் பட்டை நொடிக்கு 50 முறைதான் அளந்தது. ஐந்து புள்ளியை வைத்து எதைத் திருத்துவது?

முதல் நாளே இடது காலும் வலது காலும் ஒத்துப்போகவில்லை என்று செயலி சிவப்பாகக் காட்டியது. பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: இதில் ஒரு கையால் வண்டியைப் பிடித்து, குனிந்து, கோணலாகத்தான் ஓட வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்காது. செயலியோ நிமிர்ந்து ஓடுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. சிவப்பை விட்டுவிட்டு அவனுடைய எண்ணைப் போன வாரத்து எண்ணோடு மட்டும் ஒப்பிட்டோம். நான்காம் வாரம் ஒன்று பிடிபட்டது. வண்டி மேல் தாவுவதற்கு முந்திய இரண்டு எட்டில் அவன் கால் தரையில் கூடுதலாகத் தங்குகிறது. தாவப் பயந்து தயங்குகிறான். இத்தனை வருடம் ஓட்டம் பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

ஆனால் செயலி காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். இந்தக் கருவி அளப்பது முடுக்கத்தை, அதாவது நொடிக்கு நொடி வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை. அதைக் கூட்டிக் கூட்டித்தான் வேகம் சொல்கிறது. முடுக்கத்தில் 0.05 மீட்டர்/நொடி² அளவு பிழை இருந்தால், 5 நொடி ஓட்டத்தில் வேகம் நொடிக்குக் கால் மீட்டர் பிசகும். தடத்தில் ஒரு நிமிடம் இறங்கினால் பிசகு நொடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். ஓடும்போது கால் ஊன்றும் கணத்தில் பாதம் நகராது என்பதால், காலில் கட்டிய பெட்டியின் வேகத்தைப் பூச்சியமாக்கித் திருத்திக்கொள்ளலாம். வண்டியில் படுத்த பிறகு ஊன்றக் கால் ஏது? ஸ்கெலட்டன் போட்டியில் நேரத்தை 0.01 நொடி வரை பார்க்கிறார்கள். அதற்கு, தடத்தின் குறுக்கே போகும் ஒளிக்கதிர் மறைபடும் கணத்தைப் பிடிக்கும் கருவிதான் வேண்டும். தொடக்க ஓட்டம் பழக்குகிறவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். முழு இறக்கத்தையும் அளக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, பட்டை. நம் ஊர் வியர்வையில் பத்தே நிமிடத்தில் வழுக்கிச் சுழல்கிறது. பெட்டி திரும்பினால் திசையும் திரும்பும். ஐந்து ஓட்டம் அப்படியே வீணாயிற்று. கூட வரும் பட்டையை நம்பாமல், முதல் நாளே மருந்துக்கடையில் எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு சுருள் வாங்கி மேலே சுற்றிவிடுங்கள்.