மீட்டர் வைத்துப் பார்க்காமல் பொருளை மாற்றச் சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான்கு மாதத்தில் 990 வெள்ளியை ஒரு பட்டறையில் கொட்டினேன். கோளாறு என்னவோ ரேடியோவுக்குப் பின்னால், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியில்தான் இருந்தது. பட்டறையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கும்.

நான் தோட்ட ஆபீசில் கிராணி. வீட்டிலிருந்து ஆபீசுக்குச் செம்பனைக்குள் புகுந்து போனால் பத்து நிமிடம். எனக்காக மட்டும் என்றால் மோட்டார் சைக்கிளே போதும். அம்மாவுக்கு ஈப்போவில் கண் சிகிச்சை, அதுவும் திங்கட்கிழமை காலையில். தோட்டத்துக்குள் பஸ் வராது. அதனால்தான் 2004ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா ஒன்றை வாங்கினேன். இன்ஜின் நன்றாக இருந்தது, ஏர்கானும் குளிர்ந்தது.

மூன்றாவது வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. வாரநாள் முழுக்க ஒழுங்காக ஓடும். வெள்ளி சாயங்காலம் நிறுத்திவிட்டுத் திங்கள் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுத் தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஜம்பர் கேபிள் மாட்டிக் கிளம்புவோம்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். போமென், அதாவது மெக்கானிக், பானெட்டைத் திறந்து பேட்டரியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "பேட்டரி கோங் ஆயிடுச்சு அக்கா." அவ்வளவுதான் பரிசோதனை. புது என்எஸ்60 பேட்டரி, 230 வெள்ளி.

ஐந்து வாரம் நிம்மதியாகப் போனது. தீபாவளி விடுமுறையில் கார் மூன்று நாள் நின்றது, மறுபடியும் அதே டக் டக். இந்த முறை போமென் இன்ஜினை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி கேபிளைப் பிடுங்கினார். இன்ஜின் இருமி நின்றது. "பாத்தீங்களா, ஆல்டர்னேட்டர் போச்சு" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் பொருள் அது. 480 வெள்ளி. புதுசா என்று கேட்டேன், புதுசுதான் என்றார். கொடுத்த துண்டுச் சீட்டிலும் 'ஆல்டர்னேட்டர் பாரு', அதாவது புது ஆல்டர்னேட்டர், என்று மலாயில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதுதான் இன்று என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

அதற்குப் பிறகும் இன்ஜின் சோம்பலாகத்தான் சுற்றியது. அதற்கு ஸ்டார்ட்டர் மாற்றினார், 280. அப்புறமும் ஒரு திங்கட்கிழமை கார் செத்துக் கிடந்தது, அம்மாவின் மருத்துவமனைத் தவணை தவறிப்போனது. அன்று சாயங்காலம் போனபோது, "வயரிங் முழுக்க மாத்தணும் அக்கா, ஒரு 900 ஆகும்" என்றார். அங்கேதான் நான் நிறுத்தினேன்.

எங்கள் லயத்துப் பக்கம் ஒரு பெரியப்பா இருக்கிறார். அப்பாவின் சிநேகிதர், தோட்டத்து லாரிகளுக்கு வருடக் கணக்கில் வயர்மேன் வேலை பார்த்தவர். அவரிடம் முதலிலேயே போகாதது என் தப்பு. அவர் வரும்போது கையில் ஒரு மஞ்சள் மீட்டர், ஒரு உப்புத்தாள், ஒரு ஸ்பேனர். வேறு ஒன்றும் இல்லை.

இன்ஜினைப் போடுவதற்கு முன்பே பேட்டரியில் மீட்டரை வைத்தார். 12.1 வோல்ட் காட்டியது. "முழு பேட்டரின்னா 12.6 நிக்கணும்மா. புது பேட்டரி இப்படிக் காலியாகுதுன்னா யாரோ ராத்திரில குடிக்கிறாங்க."

பிறகு செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சாவியை எடுத்தாயிற்று. கதவைத் திறந்து வைத்தால் உள்விளக்கு எரியும் அல்லவா, அதனால் கதவுச் சட்டத்தில் இருக்கும் உள்விளக்கு சுவிட்சை அழுத்தி வைத்து, மூடியது போல ஆக்கினார். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கோத்தார். "இப்ப யாரும் சாவிய தொடக்கூடாது, ஸ்டார்ட் பண்ணா மீட்டர் ஃபியூஸ் போயிடும்" என்று என் தம்பியை எச்சரித்தார். பத்து நிமிடம் காத்திருந்தோம். எண் 0.62 ஆம்பியரில் நின்றது.

வீரா மாதிரிப் பழைய காரில் எல்லாம் அணைந்த பிறகு 0.05க்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெள்ளி மாலை ஆறு முதல் திங்கள் காலை ஆறு வரை 60 மணி நேரம். 0.62ஐ 60ஆல் பெருக்கினால் 37 ஆம்பியர் மணி. என்எஸ்60 பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 45. வாரநாளில் ஓடிய கார் திங்கட்கிழமை மட்டும் ஏன் செத்தது என்பது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புது பேட்டரி போட்டதும் ஐந்து வாரம் தாங்கியதற்கும் இதுதான் காரணம். அதில் இருப்பு அதிகம், அதைக் குடித்துத் தீர்க்க நாளானது. நானும் பத்து நிமிடப் பயணத்தில் அதைத் திருப்பி நிரப்பவே இல்லை.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். ஹாரன், மாற்றமில்லை. விளக்கு, மாற்றமில்லை. ரேடியோவும் உள்விளக்கும் போகும் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் 0.03க்கு விழுந்தது. ரேடியோவை வெளியே இழுத்தால், பின்னால் முந்தைய சொந்தக்காரர் எப்போதோ மாட்டிய அலாரம் பெட்டி. அதன் ரிமோட் காணாமல் போய் எத்தனை வருடமோ. வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகிக் கையெல்லாம் கறுப்பாக ஒட்டியது. "தொட்டுப் பாரும்மா" என்றார். அணைத்து வைத்த காரில், நிழலில் இருந்த அந்தப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

சோம்பலாகச் சுற்றியதற்கும் காரணம் ஸ்டார்ட்டர் இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். 1.1 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த், அதாவது பேட்டரியை இன்ஜின் இரும்போடு சேர்க்கும் கேபிள், சரியில்லை என்று அர்த்தமாம். எர்த் கேபிளைக் கழற்றினால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். அப்புறம் இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. அந்த வேலைக்கு ஆன செலவு ஒரு உப்புத்தாள்.

அந்த 480 வெள்ளி ஆல்டர்னேட்டரைச் சொல்லும்போதுதான் இன்னும் வயிறு எரிகிறது. பெரியப்பா டார்ச் அடித்துக் காட்டினார். மேலே பளபளவென்று வெள்ளிப் பெயின்ட். ஆனால் ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் நிரம்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ ஒருவர் காரிலிருந்து கழற்றிய பழைய பொருளுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று மாட்டியிருக்கிறார்கள். பெரிய விளக்கு, ஏர்கான், காற்றாடி எல்லாவற்றையும் போட்டு அளந்தால் 13.0 வோல்ட்தான் வந்தது. 13.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். என் காரோடு வந்த ஆல்டர்னேட்டர் உண்மையில் கெட்டிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பட்டறையில் போய்க் கேட்டேன், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு என்றார்கள். இன்ஜின் ஓடும்போது கேபிளைப் பிடுங்கியதைச் சொன்னதும் பெரியப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அப்படிப் பிடுங்கினால் வோல்ட்டேஜ் திடீரென்று எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடையும் காரின் கம்ப்யூட்டரையும் எரித்துவிடலாம். அப்படிச் 'சோதிக்கிற' ஆளைப் பார்த்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள்.

கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள், அது உங்களுடையது. எதை மாற்றச் சொன்னாலும், மாற்றுவதற்கு முன்னால் மீட்டர் என்ன காட்டியது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் கார் இருக்க வேண்டாம். ரசீதில் புதுசா ரீகானா (பழையதைச் சரிசெய்து விற்பது) என்று எழுதச் சொல்லுங்கள். ரீகான் போடுவது தப்பில்லை, அதைப் புதுசு என்று விற்பதுதான் திருட்டு.

பட்டறையில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அதனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். 'பாரு' என்று எழுதிய துண்டுச் சீட்டையும் பெயின்ட் சுரண்டிய ஆல்டர்னேட்டரின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

போன திங்கள் அம்மாவை நேரத்தோடு ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நானும் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் யாருக்காவது கார் இப்படித் தொல்லை கொடுத்தால், பட்டறைக்குப் போகும் முன் ஆபீசில் வந்து என்னிடம் கேட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.