டாலஸா, நியூயார்க்கா: எதற்குப் பயப்படலாம்?

2023-இல் அமெரிக்காவின் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் அந்நாட்டின் 16 நகரங்களின் பெயரைச் சொல்லி, வசிப்பதற்கும் போய்வருவதற்கும் இவை பாதுகாப்பானவையா என்று மக்களிடம் கேட்டது. டெக்சாஸ் மாநிலத்து டாலஸுக்கு ஆமாம் என்றவர்கள் 74 சதவீதம், முதலிடம். நியூயார்க்குக்கு 41 சதவீதம்தான்.

கொலைக் கணக்கு இதற்கு நேர்மாறு. 2022-இல், சுமார் 13 லட்சம் பேர் வாழும் டாலஸில் 200-க்கும் மேற்பட்ட கொலைகள். 80 லட்சம் பேரைத் தாண்டிய நியூயார்க்கில் 430-ஐ ஒட்டி. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் டாலஸில் 16 போல, நியூயார்க்கில் ஐந்து.

அப்புறம் ஏன் இந்தப் பெயர்? நியூயார்க்கின் பழைய கதை ஒரு காரணம். 1990-இல் அங்கே ஒரே ஆண்டில் 2,200-க்கு மேல் கொலைகள் நடந்தன; அந்த பிம்பம் இன்னும் கரையவில்லை. பெரிய செய்தி நிறுவனங்கள் பலவற்றுக்கும் அதுதான் தலைமையிடம். 2022 ஏப்ரலில் புரூக்ளின் சுரங்க ரயிலில் ஒருவன் சுட்டு 10 பேர் குண்டடிபட்டார்கள். யாரும் சாகவில்லை, ஆனால் உலகமே பார்த்தது. டாலஸில் ஏதோ ஒரு அடுக்ககத்து வாகன நிறுத்தத்தில் நடக்கும் கொலை உள்ளூர்ச் செய்தியோடு சரி. கட்சி அரசியலும் உண்டு: நியூயார்க் என்றால் ஜனநாயகக் கட்சியினரைவிடக் குடியரசுக் கட்சியினருக்குப் பயம் மிக அதிகம்.

டாலஸுக்கு இன்னொரு அதிர்ஷ்டம், அதன் புறநகர்கள். "டாலஸில் இருக்கிறோம்" என்று ஊருக்குப் போன் செய்யும் நம்மவர்களில் பலர் இருப்பது பிளேனோவிலோ ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோதான். அவை தனி நகராட்சிகள், காவல்துறையும் தனி. நல்ல பெயர் எல்லாம் டாலஸுக்குப் போகிறது. கொலைக் கணக்கு மட்டும் அதன் எல்லைக்குள் நிற்கிறது.

நியூயார்க்வாசிகளின் பயத்தை வெறும் பிரமை என்றும் தள்ள முடியாது. 2022-இல் அங்கே கொலை குறைந்தாலும், வழிப்பறி, வாகனத் திருட்டு எல்லாம் சேர்ந்த முக்கியக் குற்றங்கள் 20 சதவீதத்துக்கு மேல் கூடின. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கத்துவது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, ஆனால் வயிற்றைக் கலக்கும். டாலஸில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

உயிர் மட்டும்தான் கணக்கு என்றால் என் ஓட்டு நியூயார்க்குக்கே. அந்தக் காரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: மக்கள்தொகை விகிதப்படி, சாலை விபத்தில் சாவோரும் டாலஸில்தான் பல மடங்கு அதிகம்.