தண்ணீர்மலைச் சாலையில் ஒரு பறவை நடை: 90 ரிங்கிட்டுக்குத் தகுமா?

பினாங்குத் தாவரவியல் பூங்காவில் கட்டணம் பெற்று நடத்தப்படும் பறவை நோக்கும் நடை ஒன்றில், சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் என் தங்கையும் கலந்துகொண்டோம். தலைக்கு 90 ரிங்கிட். மூன்று மணி நேரம். இரவல் பைனாகுலரும் அதில் அடக்கம். நடத்துபவர் தனியாளாக இத்தொழிலைச் செய்யும் தமிழ் இளைஞர். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

நமக்கு வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆயினும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சைபீரியாவிலிருந்தும் வடசீனாவிலிருந்தும் இறங்கி வந்த சிறு பறவைகள் மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்புகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரவில் பறந்து, பகலில் மரங்களில் தங்கிப் பூச்சி பிடித்து, அடுத்த இரவுக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொள்பவை; ஆகவே விடிந்த பிறகு வரும் முதல் இரண்டு மணி நேரமே அவற்றைப் பார்க்க ஏற்றது. மார்ச் இறுதியில் இங்கே சூரியன் ஏறக்குறைய 7.20க்குத்தான் உதிக்கிறது. 7 மணிக்கே வாயிலில் கூடச் சொன்னது சரி. பிந்தி வந்த இருவருக்காக 7.40 வரை எங்களை நிற்க வைத்தது சரியன்று.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நம்மவர்களில் பலர், அதே சாலையின் முடிவில் உள்ள இந்தப் பூங்காவுக்குள் நுழைந்ததே இல்லை. 1884இல், பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது இது. வழிகாட்டி வரலாற்றை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்களை நிறுத்தினார். "அக்கா, மரத்தப் பாக்காதீங்க, ஆடுற இலையப் பாருங்க," என்றார். அந்த ஒரு சொல்லுக்கே பாதிக் காசு தகும். பத்து நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு உச்சிக் கிளையில் ஓர் இலை மட்டும் அசைந்தது. கறுப்பு முதுகு, வெள்ளைப் புருவம், மஞ்சள் கருவைப் பூசியது போன்ற வயிறு. அது வடகிழக்கு ஆசியாவில் கூடு கட்டும் ஈப்பிடிப்பான் ஒன்றின் ஆண். கிளையிலிருந்து பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்து, பக்கத்துக் கிளையில் அமர்ந்து விழுங்கிவிட்டு, மஞ்சள் இடுப்பைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

ஓடையோரத்தில் கொடிக்கால் வாலாட்டி கிடைத்தது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் உடம்பையே இடமும் வலமும் அசைத்து நடக்கிறது. என் தங்கை அதைப் பார்த்து, கரகம் எடுத்தவர் நடை மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு உவமை தோன்றவில்லை.

இனி குறைகள். இரவலாகத் தந்த பைனாகுலர் 10x25 வகை. முன்வில்லையின் 25 மில்லிமீட்டரைப் பத்து மடங்கு உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை வெறும் 2.5 மில்லிமீட்டர்; விடியற்காலை நிழலில் நம் கண்பாவை அதைவிடப் பெரிதாகத் திறந்திருக்கும் என்பதால், பறவை இருட்டுப் பொம்மையாகத்தான் தெரிந்தது. அவர் கழுத்தில் தொங்கிய 8x42இல் அந்தக் கற்றை 5.25 மில்லிமீட்டர். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் ஈப்பிடிப்பானின் புருவமே எனக்குத் தெரிந்தது. இந்தக் கட்டணத்துக்கு 8x32ஆவது தரலாம்.

பெரிய குறை வேறு. மூங்கில் புதருக்குள் சைபீரிய நீலப் பறவை ஒன்று தரையில் வாலை நடுக்கிக்கொண்டு இரை தேடியது. எல்லாருக்கும் தெரியவில்லை என்று, அவர் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டார். தன் இடத்துக்குப் போட்டியாள் வந்துவிட்டது என்று எண்ணி அது மேய்வதை விட்டுவிட்டுப் புதரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அதை நிறுத்திவிடும்படி நான் மெதுவாகச் சொன்னேன். "காசு கொடுத்து வந்தவங்க பாக்கணும்ல, அக்கா," என்றார். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் அதை வெறுமனே ஓடவிடுவது எனக்கு உவப்பாயில்லை. மறுபடி சொன்னதும் அணைத்துவிட்டார். முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

போகிறவர்கள் பிளாஸ்டிக் பையில் உணவு கொண்டுபோக வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும். அக்டோபரில் பறவைகள் திரும்பும்போது இதே நடைக்கு மறுபடி போவேன், சொந்தப் பைனாகுலரோடு. பதிவு செய்யும்போதே குரல் ஒலிக்கவிடக் கூடாது என்று சொல்லிவிடுவேன்.