1972 கேம்பர் வேனுக்குப் புது ஹெட்லைட்: பல்பு வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

எங்கள் வேன் 1972 தொடக்கத்தில் ஹனோவர் தொழிற்சாலையில் செய்த ஃபோக்ஸ்வாகன் டி2. உள்ளே வெஸ்ட்ஃபாலியா கம்பெனி போட்ட மடிப்புப் படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, மேலே தூக்கி நிறுத்தும் கூரை. 1600 சிசி, 50 குதிரைத்திறன், ஏர்கூல்டு எஞ்சின். முன் இண்டிகேட்டர்கள் ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பரை ஒட்டித் தாழ்வாக இருக்கும் பழைய முகம். அதே ஆண்டு ஆகஸ்டுக்கு மேல் வந்த வண்டிகளில் அது மேலே ஏறிவிட்டது. எனக்கு இந்த முகம்தான் பிடிக்கும். ஜெர்மனியில் ஓடிவிட்டு வந்த வண்டி, ஆகவே ஸ்டியரிங் இடது பக்கம்.

நாங்கள் இருப்பது கிளாஸ்கோவில். இங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெயில் காலத்தில் மட்டும் வேனை எடுப்பவர்களுக்கு ஹெட்லைட் ஒரு அலங்காரம். எங்களுக்கு அப்படி இல்லை. அக்டோபர் விடுமுறையில்தான் நாங்கள் கிளம்புவதே.

போன அக்டோபரில் ஏ82 சாலையில், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி தாண்டி ரானக் மூர் சதுப்புவெளியில் போய்க்கொண்டிருந்தோம். மழை இல்லை, பனிமூட்டமும் இல்லை, நல்ல இருட்டு. 45 மைல் வேகம்கூட இருக்காது. திடீரென்று முன்னால் ஒரு கலைமான், கொம்போடு, சாலையின் நடுவே நிற்கிறது. நான் அதைப் பார்த்த நேரத்துக்கும் பிரேக் பிடித்து வண்டி நின்ற நேரத்துக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. மான் மெதுவாக நடந்து போனது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவு கிளென்கோவில் வண்டியை நிறுத்தியதும் மனைவி சொன்னாள்: "இந்த லைட்டை மாத்தாம இனிமே ராத்திரியில வண்டி எடுக்க வேண்டாங்க." மறுத்துப் பேச எதுவும் இல்லை.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஆன்லைனில் இரண்டு எல்இடி பல்பு வாங்கினேன். ஹோல்டரில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள், 55 பவுண்டு. மாட்டிப் பார்த்ததும் வீட்டு வாசலில் பளீரென்று வெள்ளை வெளிச்சம், மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். சாலைக்கு வந்ததும் எதிரே வந்த கார்களில் பாதிப்பேர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். "நீங்க டிம்லதான் போறீங்களா, பிரைட்லயா?" என்று மனைவி கேட்டாள். டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் என்பது பல்புக்குள் இருக்கும் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதைக் கணக்குப் பண்ணிச் செய்த, ஒளியைத் திருப்பி அனுப்பும் வளைந்த கண்ணாடி. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். கீழ்ப்பக்கம் போய் ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எழும்பும் வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் மேலே, எதிரே வருபவரின் கண்ணுக்கு எதுவும் போகாமல் ஒரு கோடு போட்டதுபோல் ஒளி நிற்கிறது. நான் வாங்கிய எல்இடியில் ஒளி வரும் சில்லுகளின் அளவும் இடமும் அந்த இழையோடு ஒத்துப்போகவில்லை. வெளிச்சம் நாலாபக்கமும் சிதறியது. நமக்கு மூக்குக்கு முன்னால் பத்து மீட்டர் பகல்போல் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மான் நிற்பது அதற்கு அப்பால்தானே! இன்னொன்றும் உண்டு. ஹாலஜன் போன்ற இழை பல்பின் சூட்டில் கண்ணாடிமேல் படியும் பனி உருகிவிடும், எல்இடிக்கு முன்பக்கம் அந்தச் சூடு கிடையாது. இங்கே 1986 ஏப்ரல் 1 முதல் சாலைக்கு வந்த வண்டிகளில் ஹாலஜன் விளக்கை இப்படி எல்இடியாக மாற்றினால் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையில் தேறாது. என் வண்டி அதைவிடப் பழையது, ஆனால் எதிரே வருபவரின் கண் அதே கண்தான். நாலே நாளில் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம் தான் சரியான ஆளிடம் போனேன். ஊருக்கு வெளியே தனியாக ஒரு கொட்டகை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், எழுபது வயது இருக்கும். என்ன பல்பு போடலாம் என்று கேட்டேன். அவர் பல்பைப் பற்றிப் பேசவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மல்டிமீட்டரை எடுத்து வந்தார். பேட்டரியில் 13.6 வோல்ட். முன்னால் வந்து பல்புக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டில் வைத்தார். 11.3. டேஷ்போர்டில் இருக்கும் லைட் சுவிட்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குமிழ் வெதுவெதுப்பாக இல்லை, சுட்டது. "உன் வெளிச்சம் இங்கேதான் போகிறது" என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வேன் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். டி2-வில் எஞ்சினும் பேட்டரியும் பின்னால். ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து டேஷ்போர்டுக்கு வந்து, லைட் சுவிட்ச், டிம்மர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கடைசியில்தான் பல்புக்கு வருகிறது. ஐம்பது வருடத் தாமிரம், பச்சை பூத்த முனைகள், தளர்ந்த ஃபியூஸ் கிளிப்புகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும். இழை பல்பு இதைத் தாங்காது: வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். என் வண்டியில் இருந்தது பழைய 45/40 வாட் (பிரைட்டுக்கு 45, டிம்முக்கு 40) பல்பு. அதற்கும் 11.3 வோல்ட்தான் போய்க்கொண்டிருந்தது என்றால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் அறுபது சதவீதம்கூடத் தேறியிருக்குமா என்பது சந்தேகம். அந்த நிலையில் 60/55 வாட் எச்4 என்ற ஹாலஜன் பல்பைப் போட்டிருந்தால் அந்தச் சுவிட்ச் இன்னும் சூடாகி ஒருநாள் உருகியிருக்கும்.

அவர் சொன்ன வழி இதுதான். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை நேராக முன்னால் கொண்டுவந்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்து, அதிலிருந்து பல்புக்குக் கொடுப்பது. பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், ஆனால் அது ரிலேயைத் தட்டிவிடுகிற வேலை மட்டும் பார்க்கும். முன்பு ஏழு எட்டு ஆம்பியர் போன சுவிட்சில் இப்போது அரை ஆம்பியர்கூடப் போகாது.

இதற்கென்று ரெடிமேட் கிட் கிடைக்கிறது. நான் வாங்கியது 34 பவுண்டு. இரண்டு ரிலே, பீங்கான் சாக்கெட்டுகள், ஒயர் எல்லாம் கட்டிவைத்தே வருகிறது. ரிலேக்களும் சாக்கெட்டுகளும் நல்ல தரம், குறை சொல்ல மாட்டேன். ஒயரில்தான் ஏமாற்றம். முன்னால் பேட்டரி இருக்கும் காருக்காகச் செய்தது அது. பேட்டரிக்குப் போக வேண்டிய ஒயர் ஒரு மீட்டர் சொச்சம்தான். கேம்பர் வேனுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். வேனில் அது பாதித் தூரம்கூட வராது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஆறு மீட்டர் தனியாக வாங்கினேன், 15 பவுண்டு. அதோடு பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. கிட்டில் ஃபியூஸ் ரிலேக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேனுக்கு அது போதாது. வண்டிக்கு அடியில் ஓடும் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் நடுவில் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. இந்த எஞ்சின் அறையில் பெட்ரோல் குழாயும் இருக்கிறது. தயவுசெய்து இந்த ஃபியூஸை விட்டுவிடாதீர்கள்.

மாட்டுவது கடினமில்லை. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 30-இல் பேட்டரி ஒயர், 87-இல் பல்புக்குப் போவது, 85-இல் எர்த், 86-இல் பழைய ஹெட்லைட் ஒயர். இந்த வண்டியில் வெள்ளை ஒயர் பிரைட், மஞ்சள் டிம், பழுப்பு எர்த். எர்த்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஹெட்லைட் உட்காரும் கிண்ணத்துக்குள் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகு எர்த் முனையை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். இரண்டு பக்கமும் தனித்தனியாக. நானும் மகளும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை முழுக்கச் செய்தோம். அவள் டார்ச் பிடித்தாள், எண்களை வாசித்தாள்.

அந்த வேலையின்போதுதான் இன்னொரு விஷயம் வெளிவந்தது. குரோம் வளையத்தின் அடியில் இருக்கும் ஒரே திருகைக் கழற்றினால் ஹெட்லைட் யூனிட் கைக்கு வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்தபோது மகள், "அப்பா, இதில கறுப்பா டேப் ஒட்டியிருக்கு" என்றாள். முக்கோணமாக வெட்டிய டேப், பழைய சொந்தக்காரர் ஒட்டியது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால், இது ஜெர்மனி லைட். அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும், ஆகவே டிம் வெளிச்சம் வலது ஓரத்தில் மேலேறும், ஓரத்தில் நடப்பவர்களும் பலகைகளும் தெரிவதற்காக. இங்கே இடது பக்கம் போகிறோம். அந்த வலது ஏற்றம் நேராக எதிரே வருபவரின் கண்ணில் போகும். அதை மறைக்கத்தான் டேப். இடது ஓரத்தில் வர வேண்டிய வெளிச்சம் எனக்கு இத்தனை நாளும் வரவே இல்லை. 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. நானும் வாங்கியதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சோதனை செய்பவர் முதல் நாளே சொல்லியிருப்பார். இனி ஒவ்வொரு வருடமும் எடுக்கப்போகிறேன்.

உங்கள் லைட் எந்தப் பக்கத்துக்கானது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. வண்டிக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்து இருக்கும், அதற்குப் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லை என்றால் வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. என்னுடையதில் அம்பு இல்லை.

ஆகவே லைட்டையும் மாற்றினேன். ஹெல்லா கம்பெனியின் 7 அங்குல எச்4 யூனிட், அசல் கண்ணாடி, அம்புக்குறியோடு. ஜோடி 90 பவுண்டு. பாதி விலைக்கு பிளாஸ்டிக் முகம் வைத்த யூனிட்டுகளும் இருக்கின்றன. நான் கண்ணாடியைத்தான் சொல்வேன்: கீறல் விழாது, மஞ்சள் பூக்காது, கையில் எடுத்தால் எடை தெரியும். வாங்கும்போது பார்க்கிங் பல்புக்கு ஓட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த 4 வாட் குட்டி பல்பு பழைய ரிஃப்ளெக்டருக்குள்ளேயே இருந்தது. ஓட்டை இல்லாத யூனிட் வாங்கினால் அது தொங்கிக்கொண்டு நிற்கும். பல்பு ஓஸ்ராமின் சாதாரண 60/55 எச்4. 'கூடுதல் வெளிச்சம்' என்று விற்கும் விலை உயர்ந்தவை வேண்டவே வேண்டாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அவற்றின் ஆயுள் குறைவு, முழு வோல்டேஜ் கிடைத்தால் சாதாரண பல்பே போதும். அவர் பேச்சைக் கேட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்து மீட்டரை வைத்தால் சாக்கெட்டில் 13.2.

ஒளியைச் சரிக்கட்டுவதற்கு அவரிடமே போனேன், 20 பவுண்டு வாங்கினார். வீட்டிலும் செய்யலாம்: சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே டிம் கோடு விழும்படி திருப்புளியால் திருக வேண்டும். ஆனால் வேனைப் பயணம் போகும் நிலையில் வைத்துச் செய்யுங்கள். தண்ணீர் டாங்க் நிரப்பி, படுக்கை, பாத்திரம், சாமான் எல்லாம் ஏற்றி, ஓட்டுபவர் உட்கார்ந்து. பின்னால் எடை ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், காலி வண்டியில் சரிக்கட்டியது எல்லாம் வீணாகும்.

பிப்ரவரியில் அதே ஏ82 சாலைக்குப் போனோம், அதே நேரத்துக்கு. வெளிச்சம் இளமஞ்சள்தான், புதுக் கார்களின் வெள்ளை கிடையாது. ஆனால் இடது ஓரத்துப் புல்லும் ஓடையும் பனிக்கம்பங்களும் முன்கூட்டியே தெரிகின்றன. டிம்மில் போகும்போது யாரும் லைட் அடிக்கவில்லை. பிரைட் போட்டால் சாலை வளைவு முழுதாகத் தெரிகிறது. கிங்ஸ்ஹவுஸுக்கு முன்னால் ஓரமாக மூன்று மான்கள் நின்றன, முதலில் மகள்தான் கண்களின் பளபளப்பைப் பார்த்துச் சொன்னாள். வேகத்தைக் குறைத்து, அவை கடந்துபோகும்வரை பொறுமையாக நின்றோம். சுவிட்ச் குமிழைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

ஒரு குறை மீதி இருக்கிறது. எங்கள் வண்டியில் டைனமோதான். சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது அது போதுமான கரண்ட் கொடுக்காது, லைட் லேசாக மங்கும். வைப்பரும் சேர்ந்து ஓடினால் இன்னும் தெரியும். ரிலேயால் அதைச் சரிசெய்ய முடியாது, டைனமோவுக்குப் பதிலாக, ஐடிலிங்கிலும் கூடுதல் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போட வேண்டும். கிளம்பியதும் சரியாகிவிடுவதால் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கிட், ஒயர், ஃபியூஸ், யூனிட், பல்பு, சரிக்கட்டிய கூலி எல்லாம் சேர்த்து 175 பவுண்டுக்குள் முடிந்தது. கையில் அவ்வளவு இல்லை என்றால் முதலில் ஒயரையும் ஃபியூஸையும் ரிலேயையும் மட்டும் செய்யுங்கள். பழைய பல்பிலேயே வித்தியாசம் தெரியும்.

பழைய ஜெர்மனி லைட்டுகளை நான் தூக்கிப்போடவில்லை. டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, பழைய துண்டில் சுற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கும் மூன்று முள் சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான். அடுத்த கோடையில் ஹல் துறைமுகத்தில் கப்பல் ஏறி ராட்டர்டாம் வழியாக ஹனோவர்வரை போவதாகத் திட்டம். அங்கே இறங்கியதும் பக்கத்துக்கு ஒரு திருகைக் கழற்றி அவற்றை மாட்டிக்கொள்வோம்.