அமெரிக்காவில் சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

“200 மணி நேரப் பயிற்சி, இந்தியாவில் கன்வர்ஷனுக்குத் தேவையானது எல்லாம் இதிலேயே அடக்கம்” என்று சொல்லித்தான் ஏஜென்ட் என்னை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார். அமெரிக்க லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அதை டிஜிசிஏ (இந்திய விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு) லைசென்ஸாக மாற்றப் போனபோதுதான் மணிக்கணக்கு இடித்தது.

டிஜிசிஏ கேட்கும் 200 மணியில் 100 மணி பிஐசியாக, அதாவது விமானத்துக்கு நாமே பொறுப்பாகப் பறந்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் முதல்படியான பிரைவேட் லைசென்ஸ் வாங்கியபின், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாலும், ஓட்டுவது நாம் என்றால் அந்த நேரத்தைப் பிஐசி என்று எழுதிக்கொள்ளலாம். என் லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்) அதே 1.4 மணி ‘டூயல்’ (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்த நேரம்) கட்டத்திலும் இருக்கிறது, ‘பிஐசி’ கட்டத்திலும் இருக்கிறது. இப்படிப் பக்கம் பக்கமாக. அங்கே அது சட்டப்படி சரி. இங்கே அது வெறும் டூயல். அந்த 100இல் சேராது.

இரவுப் பயிற்சியில்தான் பெரிய அடி. இந்தியாவுக்கு இரவில் 5 மணி நேரம் பிஐசி வேண்டும், 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங்கோடு. அமெரிக்கக் கமர்ஷியல் லைசென்ஸுக்கு இதைத் தனியாகவும் முடிக்கலாம், இன்ஸ்ட்ரக்டரோடும் முடிக்கலாம். தனியாகத்தான் வேண்டும் என்று கேட்டேன். “இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தாலும் இந்தியாவில் செல்லும்” என்றார் தலைமை இன்ஸ்ட்ரக்டர். செல்லவில்லை. தொடர்ந்து இந்திய மாணவர்களைச் சேர்க்கும் பள்ளிக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

செக்ரைடு (லைசென்ஸுக்கான பறப்புத் தேர்வு) தேர்வாளரின் கட்டணம் பேக்கேஜில் இல்லை என்பதையும் தேர்வு நெருங்கியபோதுதான் சொன்னார்கள். அது தனிக் கதை.

வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாமே என்பீர்கள். எம்-1 விசாவில் (தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான அமெரிக்க விசா) போனவர் ஆறு மாதம் தாண்டினால், தன் கையை மீறிய காரணம் இருந்தாலொழிய மாற முடியாது. விமானம் மெயின்டனன்ஸில், இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைனுக்குப் போய்விட்டார் என்று அந்த ஆறு மாதத்தை இழுத்தே ஓட்டிவிட்டார்கள். மீதிப் பணமும் திரும்பவில்லை. குறைவாக இருந்த மணி நேரத்தை இப்போது இங்கே காசு கொடுத்துப் பறந்து நிரப்புகிறேன்.

தயவுசெய்து முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். 100 மணி பிஐசியும், இரவு 5 மணி நேரமும் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்தப் பள்ளி வேண்டாம். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் இன்றைக்கே லாக்புக்கை எடுத்து, இரண்டு கட்டத்திலும் ஏறிய வரிகளைக் கழித்துவிட்டுப் பிஐசியைக் கூட்டிப் பாருங்கள். ஆறு மாதம் முடியவில்லை என்றால் மாற இன்னும் வழி இருக்கிறது.